பங்காளி தூக்கிப்போன இடுப்பெலும்பு

பெட்டியின் சாவியை உங்களிடம் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். திறந்து பார்த்திருப்பீர்கள். மண்டையோடு, தாடை, விலா, இடுப்பெலும்பு, தொடையெலும்பு எல்லாம் பஞ்சுக்குள் படுத்திருக்கும். எதை எதில் மாட்டித் திருக வேண்டும் என்பதை ஒரு மதியத்தில் கற்றுக்கொண்டுவிடுவீர்கள். அதற்கு நான் தேவையில்லை. கையில் எலும்பும் எதிரில் மனிதர்களும் இருக்கும்போது என்ன செய்வது என்பதை மட்டும் சொல்கிறேன். அதுவும் ஒரே ஒரு நாளை வைத்து. அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்குத் தனியாக உட்கார்ந்து சிரிப்பு வரும்.

நடமாடும் அறிவியல் கண்காட்சியில் நான் ஓய்வு பெறும்வரை ஒரே வேலைதான் பார்த்தேன். ஆதிமனிதர்களின் எலும்புக்கூட்டு நகல்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, போடியைச் சுற்றியும் மலைமேலும் உள்ள பள்ளிகளுக்குப் போய், மனிதன் எப்படி மனிதனானான் என்று சொல்வது. போடி மளிகைக் கடையில் எனக்குப் பெயர் எலும்பு டீச்சர். "எலும்பு டீச்சர் நிக்கிறாக, வெரசா போடுப்பா" என்பார் கடைக்காரர். புதிதாக வந்த வாடிக்கையாளர்கள் என் உடம்பைப் பார்த்துவிட்டுக் குழம்புவார்கள். நான் எலும்பும் தோலுமாக இருந்ததே கிடையாது.

எங்களிடம் இருந்ததிலேயே பெரிய ஆள் லூசி. எத்தியோப்பியாவில் கிடைத்த எலும்புக்கூட்டின் நகல். மூன்றரை அடி உயரம். அவள் வாழ்ந்தது முப்பத்திரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. மூளை சிம்பன்சியின் மூளை அளவுதான், ஆனால் நடந்தது நம்மைப் போல இரண்டு காலில். பழைய மனித இனங்களில் இவ்வளவு எலும்புகள் ஒரே ஆளுடையதாகக் கிடைப்பது அபூர்வம். அப்படியும் பாதிக்குக் குறைவாகத்தான் கிடைத்தது. அதனால் நகலில் நிஜமாகக் கிடைத்த எலும்புகளுக்குப் பழுப்பு நிறமும், மற்றதைப் பார்த்து நாம் நிரப்பியவற்றுக்கு வெள்ளை நிறமும் பூசியிருப்பார்கள். எங்கள் பிரிவுத் தலைவி எனக்குச் சொல்லிக்கொடுத்தது இந்த ஒன்றைத்தான். "எது கெடைச்சது, எது நாம நிரப்புனதுன்னு மொதல்ல சொல்லிரு. அப்புறம் என்ன வேணா பேசு" என்பார். வேலையில் சேர்ந்த புதிதில் அதை நான் பெயின்ட் அடிப்பதைப் பற்றிய விஷயம் என்று நினைத்தேன்.

அன்றைக்குக் குரங்கணிக்கு மேலே ஓர் எஸ்டேட் பள்ளிக்குப் போக வேண்டும். ஊர்ப் பெயரைப் பாருங்கள். பின்னால் நடந்ததைச் சொன்னால், பெயருக்குப் பொருத்தமாக நானே கதை கட்டினேன் என்பார்கள். ஜீப்பு ஓட்டியவர் பாண்டி. பல வருடங்களாக எங்களோடு இருந்தவர். லூசியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "அந்தம்மா" என்பார். "அந்தம்மா ஏறியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார்.

செக்போஸ்டில் வண்டியை நிறுத்தினார்கள். பணிக்குப் புதிதாக வந்திருந்த காவலர் ஒருவர் எட்டிப் பார்த்து, "பெட்டியில என்ன?" என்றார்.

பாண்டி யோசிக்காமல், "அந்தம்மாண்ணே" என்றார்.

காவலர் பெட்டியைத் திறந்தார். மேலாக இருந்தது தாடையும் மண்டையோடும்.  அவர் மூடியைப் பிடித்தபடியே, மெதுவாக, "சின்னப்புள்ள எலும்பால்ல இருக்கு" என்றார்.

அதை அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எங்களுக்குப் பின்னால் எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்கள் நிறைந்த ஜீப்பு ஒன்று நின்றிருந்தது. அதில் முன்னால் இருந்தவருக்குக் கேட்டுவிட்டது. அடுத்த நிமிடம் அத்தனை பேரும் இறங்கி எங்களைச் சுற்றி நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த லோடு ஜீப்பிலிருந்தும் ஆட்கள் இறங்கினார்கள். யாரோ எங்கள் வண்டிச் சாவியை உருவிக்கொண்டார்கள். "யாரு வீட்டுப் புள்ளயோ" என்று ஒரு குரல். "ரெண்டு பேரையும் கீழ எறக்குங்க" என்று இன்னொரு குரல். பாண்டி உதவி செய்வதாக நினைத்து, "புள்ள இல்லக்கா, வயசான அம்மா" என்றார். அது இன்னும் மோசமாகப் போனது.

என்னிடம் அனுமதிக் கடிதம் இருந்தது. முத்திரை எல்லாம் இருந்தது. கை பைக்குள் போய்விட்டது. அப்போது முன்னால் நின்ற பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். தலைத்துண்டைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி, அழுவதா அடிப்பதா என்று தெரியாமல் நின்றிருந்தார். அவருக்கு வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது என்பது பார்த்தாலே தெரிந்தது. அவரிடம் முத்திரையைக் காட்டி என்ன பிரயோசனம்? கையை வெளியே எடுத்துவிட்டேன். தாடையை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன்.

"ஆத்தா, ஒங்க வாயில கடைசிப் பல்லு மொளச்சிருச்சா?"

அவர் திகைத்துப் போனார். "என்னது?"

"நாக்கால தொட்டுப் பாருங்க. எல்லாத்துக்கும் பின்னால, கடைவாயில."

கேள்வி அவ்வளவு சம்பந்தமில்லாமல் இருந்ததால் அவர் தொட்டுப் பார்த்துவிட்டார். பக்கத்தில் இருந்தவரும் தொட்டுப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் விரலையே வாய்க்குள் விட்டார்கள். காவலரும் கன்னம் ஒரு பக்கம் உப்ப, நாக்கால் துழாவிக்கொண்டிருந்தார்.

"மொளச்சு வலிச்சது ஞாபகம் இருக்கு" என்றார் அந்தப் பெண்.

"சின்னப்புள்ளைக்கு அது இருக்காதுல்ல? இப்ப இதப் பாருங்க. கடைசிப் பல்லு மொளச்சு, கொஞ்சம் தேஞ்சும் போயிருக்கு. இது புள்ள இல்ல. முழுசா வளந்த பொம்பள. ஆளே இம்புட்டு ஒயரந்தான்."

அவர் தாடையை வாங்கிப் பார்த்தார். மூச்சு விட்டார். அந்த மூச்சோடு கூட்டமும் கொஞ்சம் தளர்ந்தது. ஆனால் காவலர் கடமையில் கண்ணாக இருந்தார். "வளந்த பொம்பளன்னாலும் கேசு கேசுதானம்மா. செத்து எம்புட்டு நாளாச்சு?"

"முப்பத்திரண்டு லட்சம் வருசம்."

  காவலர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "அப்ப சாட்சி கெடைக்கிறது கஷ்டம்" என்றார்.

முதலில் சிரித்தது தலைத்துண்டுப் பெண்தான். அதன் பிறகு பழுப்பையும் வெள்ளையையும் காட்டி, பழுப்புகூட நிஜ எலும்பு அல்ல, அச்சில் வார்த்த நகல் என்று சொன்னேன். காவலர் தொடையெலும்பைத் தட்டிப் பார்த்தார். உள்ளே காலியாக டொக்கென்றது. கடிதத்தையும் கொடுத்தேன். இப்போது அதைப் பொறுமையாகப் படித்தார். சாவியும் வந்து சேர்ந்தது. பயந்துபோயிருப்பவரிடம் காகிதத்தை நீட்டாதீர்கள். அவருடைய உடம்பிலேயே சரிபார்த்துக்கொள்ளும்படி ஏதாவது ஒன்றைக் கொடுங்கள். அன்று நான் கண்டுபிடித்தது அது. யோசித்துச் செய்ததில்லை. கை போன போக்கில் நடந்தது.

பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது தாமதமாகிவிட்டது. காப்பித் தோட்டத்துக்கு நடுவில் தகரக் கூரை போட்ட ஒற்றைக் கட்டடம், முன்னால் கொடிக்கம்பம் நட்ட மண் மைதானம். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அன்று வேலை இல்லாத பெற்றோர்களும் வந்திருந்தார்கள். தலைமை ஆசிரியை ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், ஒரு சின்னப் பிரச்சனை" என்று கிசுகிசுத்து, மைதானத்தின் ஓரம் கண்ணைக் காட்டினார்.

அங்கே ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பெயர் கருப்பையா. எஸ்டேட்டில் மருந்தடிக்கும் வேலை, எஸ்டேட் கோயிலில் பூசையும் அவர்தான். பெற்றோர்களில் அவர் சொல்லுக்குத்தான் மரியாதை. நேராக என்னிடம் வந்தார்.

"குரங்குல இருந்து மனுசன் வந்தான்னு சொல்றதுக்காகவா இம்புட்டு தூரம் வந்திருக்கீக?"

"இல்லங்கய்யா."

"பொறகு?"

"அப்படிச் சொன்னா அது தப்புன்னு சொல்றதுக்காக வந்திருக்கேன்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு என்று கட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். "குரங்கும் நாமளும் ஒரே வீட்டுல பொறந்து, ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்ன பாகம் பிரிஞ்சு போன ஆளுங்க. அதுக அது வழியில போச்சு. நாம நம்ம வழியில வந்தோம்" என்றேன்.

"பங்காளிங்கிறீக."

இருபது வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த சொல் அது. பாடப்புத்தகத்தில் 'பொது மூதாதையர்' என்றுதான் போட்டிருக்கும். அதைச் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். "ஆமாங்கய்யா, பங்காளி" என்றேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவர் கொஞ்சம் தள்ளி நின்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "சரி, காட்டுங்க பாப்போம். ஒப்புக்கிட்டேன்னு நெனைச்சுக்கிறாதீக" என்றார்.

விரிப்பில் எலும்புகளை அடுக்க ஆரம்பித்தேன். மண்டை, முதுகெலும்பு, விலா, கைகள். இடுப்புக்குக் கையை நீட்டினால், இடத்தில் இல்லை.

பாண்டியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பசிக்காக வாங்கி வைத்திருந்த வாழைப்பழச் சீப்பை எங்கே வைப்பது என்று பார்த்திருக்கிறார். லூசியின் இடுப்பெலும்பு பார்க்க ஓர் அகலமான சட்டியைப் போல இருக்கும். அதில் அழகாக வைத்து, ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்திருந்தார். நான் பார்த்த அதே நொடியில் ஒரு பெரிய ஆண் குரங்கும் அதைப் பார்த்தது. பழத்தை மட்டும் எடுத்திருந்தால் எங்களுக்கு நஷ்டமில்லை. அது சட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அப்போது எழுந்த சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பிள்ளைகள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். தலைமை ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டார். குரங்கு தகரக் கூரைமேல் உட்கார்ந்து ஒரு பழத்தை உரித்தது. நாலைந்து பேர் கல்லைப் பொறுக்கினார்கள்.

அந்த இடுப்பெலும்பு இல்லாவிட்டால் லூசி நிற்க மாட்டாள். மேல்பாதி தனி, கால்கள் தனி. அவள் இரண்டு காலில் நடந்தாள் என்பதற்கு முக்கிய சாட்சியே அதுதான். கூரையிலிருந்து பின்பக்கப் பாறையில் விழுந்தால் சுக்குநூறு. அடுத்த வாரம் வேறொரு மாவட்டம் அந்தப் பெட்டிக்காகக் காத்திருந்தது. எனக்கும் கல்லெறியத்தான் தோன்றியது. மனதுக்குள் எறிந்தும்விட்டேன்.

"கல்லக் கீழ போடுங்க. எல்லாரும் உக்காருங்க. பாடம் ஆரம்பிச்சாச்சு" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

நான் பாடம் ஒன்றும் யோசித்து வைத்திருக்கவில்லை. ஆனால் மற்ற குரங்குகள் எனக்குக் கை கொடுத்தன. பழத்துக்காக அவை துரத்த, இந்தக் குரங்கு கூரையிலிருந்து மைதானத்துக்கே குதித்தது. ஒரு கையில் சீப்பு, ஒரு கையில் இடுப்பெலும்பு. இரண்டையும் விட மனமில்லை. ஊன்றக் கை இல்லை. எனவே எழுந்து இரண்டு காலில் நடந்தது. முழங்கால் மடங்கி, உடம்பு வலமும் இடமுமாக ஆடி ஆடி, கொடிக்கம்பத்தைத் தாண்டிப் போனது.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருடம் படம் வரைந்து விளக்கியதை ஒரு குரங்கு எதிரில் நடந்து காட்டிவிட்டுப் போகிறது.

"அது ஏன் இப்படி ஆடுது, பாத்தீங்களா? ஒரு கால தூக்கினா மறுபக்கம் சாஞ்சிருது. நீங்க எந்திரிச்சு ஒத்தக் கால்ல நில்லுங்க. இடுப்புல கைய வைங்க. பக்கவாட்டுல சதை இறுகுதா? அதுதான் ஒங்கள விழாமப் பிடிக்குது. நம்ம இடுப்பெலும்பு அகலமா, குட்டையா, பக்கத்துக்கு விரிஞ்சு இருக்கு. அதனால அந்தச் சதை சரியான எடத்துல நின்னு பிடிக்குது. குரங்குக்கு எலும்பு நீளமா, முதுகுப்பக்கமாப் போயிருச்சு. அதுக்குப் பிடிமானம் இல்ல. ஆடாம நடக்கிறதுக்கு என்ன வேணுமோ, அதத்தான் அது இப்ப கையில வச்சிருக்கு."

கருப்பையா முதன்முறையாகக் கட்டிய கையைப் பிரித்தார். ஒற்றைக் காலில் நின்று இடுப்பைத் தொட்டுப் பார்த்தார்.

குரங்கு இப்போது வேலியோரம் உட்கார்ந்து, பழத்தை முடித்துவிட்டு, எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. நடுவில் உள்ள ஓட்டை வழியாகக் கையை விட்டது. பிறகு தலையை விட்டது.  பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருவர், பிரசவ அறை வாசலில் நிற்பவரைப் போல, "தலை வந்துருச்சு" என்றார்.

பெண்கள் சிரித்த சிரிப்பில் காப்பிச் செடிகளில் இருந்த குருவிகள் பறந்துவிட்டன. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அதுக்கு மட்டும் எம்புட்டு சுளுவா வருது. நமக்கு ஏன் டீச்சர் உசுரு போகுது?" என்று கேட்டார். கேலியாகத் தொடங்கிய கேள்வி. ஆனால் கேட்டுவிட்டு அவர் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"நடக்குறதுக்குத் தோதா இடுப்பு மாறிருச்சு. பொறகு நம்ம தலையும் பெருசாயிருச்சு. ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டது நாமதான். காரணம் அதுன்னு பல பேரு சொல்றாங்க. இன்னும் முழுசா முடிவாகல."

"முடிவானா சொல்லி அனுப்புங்க" என்றார் அவர்.

எலும்பு இன்னும் குரங்கின் கழுத்தில்தான் இருந்தது. கருப்பையா யாரிடமும் எதுவும் சொல்லாமல் கோயில் பக்கம் போய், கையில் ஒரு தேங்காய் மூடியோடு வந்தார். அந்தக் குரங்குக் கூட்டம் தினமும் அவரைப் பார்ப்பது. கொஞ்ச தூரத்தில் குந்தி உட்கார்ந்து, தேங்காயைத் தரையில் வைத்தார்.

"வா பங்காளி. ஒன் பாகம் இது. எங்க பாகத்த வச்சுட்டுப் போ."

அது கேட்டதா, தேங்காய்தான் தெரிந்ததா என்று நான் சொல்ல மாட்டேன். பழுப்பும் வெள்ளையும் பிரித்துச் சொல்வதுதான் நம் தொழில். குரங்கு எலும்பைத் தலையிலிருந்து கழற்றி எறிந்துவிட்டுத் தேங்காயோடு ஓடியது. கருப்பையா எலும்பை எடுத்துத் துண்டால் துடைத்து என்னிடம் கொடுத்தார். ஓரத்தில் பல் பட்ட தடம் மட்டும் இருந்தது.

மாட்டித் திருகினோம். லூசி நின்றாள். மூன்றரை அடி. பிள்ளைகள் தங்கள் உயரத்துக்கு வந்து நின்ற ஒரு பெரிய பெண்ணை அண்ணாந்து பார்க்காமல் நேராகப் பார்த்தார்கள். கருப்பையா அவளைச் சுற்றி வந்து, "இது நமக்கு நேர் பூட்டியா, இல்ல பூட்டிக்குத் தங்கச்சியா?" என்று கேட்டார். தெரியாது, இரண்டுக்கும் இடமிருக்கிறது என்றேன். "எப்படியோ, வீட்டாளுதான்" என்றார்.

அதற்குப் பிறகு யாராலும் உட்கார முடியவில்லை. குரங்கு மாதிரி நடந்து பார்க்க வேண்டும் என்றார்கள் பிள்ளைகள். முழங்காலை மடக்கி, இடுப்பை ஆட்டி மைதானத்தைச் சுற்றினார்கள். பெற்றோர்கள் சேர்ந்தார்கள். பாண்டி சேர்ந்தார். தலைமை ஆசிரியை புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு சேர்ந்தார். கருப்பையா எல்லோருக்கும் முன்னால், மிகுந்த பொறுப்போடு ஆடியபடி போனார்.

அப்போது கீழேயிருந்து ஒரு ஜீப்பு ஏறி வந்து நின்றது. கல்வி அதிகாரி இறங்கினார். அன்று வருவதாக யாருக்கும் சொல்லவில்லை. இஸ்திரி போட்ட சட்டை, கையில் தோல்பை. ஓர் எஸ்டேட் முழுவதும், ஓர் எலும்புக்கூட்டைச் சுற்றி, முழங்காலை மடக்கிக்கொண்டு ஆடி ஆடிப் போவதை அவர் பார்த்தார். தலைமை ஆசிரியை அப்படியே உறைந்துவிட்டார். நிமிரலாமா கூடாதா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. மடங்கிய முழங்காலோடு என்னைப் பார்த்தார்.

"என்ன நடக்குது இங்க?" என்றார் அதிகாரி.

நிகழ்ச்சியின் நோக்கம், பயன், பாடத்திட்டத்தில் உள்ள பிரிவு எல்லாம் எனக்கு மனப்பாடம். வாய் வரை வந்தும்விட்டது. சொல்லியிருந்தால் எல்லோரும் நிமிர்ந்து, சட்டையைச் சரிசெய்து, வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாம் ஒழுங்காக முடிந்து, எதுவும் மிஞ்சியிருக்காது. நான் அவர் கையிலிருந்த பையை வாங்கிப் பாண்டியிடம் கொடுத்தேன்.

"சார், முழங்காலக் கொஞ்சம் மடக்குங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். எங்கே போவார்? மடக்கினார்.

"இன்னும் கொஞ்சம் சார்" என்றார் கருப்பையா.

இன்னும் கொஞ்சம் மடக்கினார். கொடிக்கம்பம் வரை போனார். முதலில் சங்கடமாக, பிறகு ஒரு மாதிரி பிடிவாதமாக. திரும்பி வரும்போது நெற்றியில் வியர்வை. நின்று, தொடையைப் பிடித்துக்கொண்டு, லூசியைக் காட்டி, "இவ்வளவு தூரத்துக்கே இப்படிக் கடுக்குதே. நாள் முழுக்க எப்படி நடந்தாங்க?" என்று கேட்டார்.

இந்த வேலையில் என்னிடம் கேட்ட கேள்விகளிலேயே நல்ல கேள்வி அது. தொடையிலிருந்து வந்த கேள்வி. லூசி இப்படி முழங்காலை மடக்கி ஆடி நடக்கவில்லை என்று காட்ட, அவள் தொடையெலும்பைக் கழற்றி, அது எப்படி உள்ளே சாய்ந்து முழங்காலில் வந்து இறங்குகிறது என்று பார்க்கட்டும் என்று அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டு மண்ணிலேயே, பிள்ளைகளுக்கு நடுவில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சட்டை அழுக்காவதைக் கவனிக்கவில்லை.

"சொல்லுங்க" என்றார்.